பஞ்சவர்ணம் ஆயாவின் பத்து நாள் தப்பு

பின்னேரம் நாலேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. லொறி டிரைவர் கபூர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா போயிட்டாங்க, மாஸ்டர்," என்றார். 1978, மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள்.

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார், என் அக்கா பஞ்சவர்ணம் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை அவளிடம் விட்டுச் செல்வார்கள். மற்றப் பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். கருப்பாயியின் மகள் மீனாம்பாள் மட்டும் ஒன்பது வயதிலும் அங்கேயே இருந்தாள். அவளுக்குப் பேச்சில்லை. திடீரென்று சத்தம் கேட்டால் தன் மணிக்கட்டை ரத்தம் வரக் கடிப்பாள். திருவிழா அவளுக்குத் தண்டனை.

அக்கா ஒரு வழி கண்டாள். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பே தப்புப் பறை அடிக்கும் பழனியாண்டியைப் பிடிப்பாள். முதல் நாள் அவன் எதிர்மலையில் நின்று விரலால் தட்டவேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வரவேண்டும்.

"தப்ப விட ஒங்க தொல்லதான் பெருசா இருக்கு, ஆயா," என்பான். ஆனாலும் வருவான். மூன்றாவது வருஷம் தப்பு எங்கள் லயத்து வீடுகளின் வாசலுக்கே வந்தது. மீனாம்பாள் கடிக்கவில்லை, தாளத்துக்குத் தலையாட்டினாள்.

அதற்கு அடுத்த வருஷம், 1978இல்தான், கடைவீதிக் குமாரவேல் முதலாளி லவுட்ஸ்பீக்கர் உபயம் செய்தார். நாலு நாள் முன்பே லயத்துக் கூரையில் கட்டினார்கள்.

"முதலாளி, இன்னைலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா போட்டுக் காட்டுங்க. புள்ள பழகிக்கும்," என்று அக்கா கேட்டாள்.

"பைத்தியத்துக்கு ஒத்திக பாக்கவா நான் செட்டு கொண்டாந்தேன்? காதுல பஞ்ச வச்சு அடைங்க."

கோயில் கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்கு மறக்கவில்லை.

திருவிழாவன்று முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் முழுச் சத்தத்தில் திறந்துவிட்டார். மீனாம்பாள் மழையில் ஓடினாள். துரத்திப் போன அக்கா, மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழ இருந்தவளை இழுத்துவிட்டுத் தான் விழுந்தாள். தலை கல்லில் மோதியது. கபூரின் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாட்டு மாலைவரை நிற்கவில்லை.

பதினாறாம் நாள் முதலாளி மாலையோடு வந்தார். "கால் வழுக்குனா யாரு என்ன செய்யிறது, மாஸ்டர்?" அந்த மாலையை வாங்கி அவர் கார்மேலேயே போட்டேன்.

அடுத்த திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கரைக் கட்டவிடவில்லை. சிரித்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். லவுட்ஸ்பீக்கர் வேண்டாம் என்று ஒருவர் விடாமல் ஒப்புக்கொண்டார்கள். பத்து நாளும் பழனியாண்டியை நானே கூட்டிவந்தேன்.

கோயில் சுவரில் உபயகாரர் பெயர் எழுதுவதும் என் வேலைதான். தன் பெயர் எப்போது வரும் என்று முதலாளி வருஷா வருஷம் ஆளனுப்புகிறார். அவர் கருப்பாயியின் வீட்டு வாசலில் நின்று, தான் செய்ததைத் தன் வாயால் சொல்லட்டும், அன்றைக்கே எழுதுகிறேன் என்று சொல்லியனுப்புகிறேன். அவர் வரவில்லை. நானும் இறங்கப்போவதில்லை.

'1978 ஒலிபெருக்கி உபயம்' என்பதுவரை எழுதியாகிவிட்டது. நாலு வருஷமாகியும் பெயர் எழுதவில்லை.