ரப்பர் அக்காவின் சிபாரிசு

அந்த நூலகத்தில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மர்மக் கதையைப் படித்து முடிக்கிற புண்ணியவான்களுக்குக் கை சும்மா இருக்காது. குற்றவாளி யார் என்று முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். அதை அழித்து அழித்தே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. சாயங்காலம் ஆனால் கால் வீங்கிவிடும். உட்கார்ந்தபடியே கண் சொருகும்.

அன்று டிரைவர் கதவைத் திறந்துவிட, பெரிய காரிலிருந்து இறங்கி வந்த பள்ளிக்கூடப் பெண், “விறுவிறுன்னு போற கதையா ஒண்ணு கொடுங்கக்கா” என்றாள்.

அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. பின்னால் கையை நீட்டி ஒரு நாவலை எடுத்தாள்.

“இதைப் படி. பெரிய பணக்காரக் குடும்பம். மூத்த பொண்ணு எங்கேன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை விடுவாங்க. கடைசிப் பொண்ணு விடாம தோண்டுவா. எடுத்தா கீழே வைக்க மாட்டே. ஆனா முதல் பக்கத்துல எதையாவது எழுதித் தொலைக்காதே, தாயே!”

மறுநாளே புத்தகம் திரும்பி வந்தது. அக்கா கையில் ரப்பரோடு முதல் பக்கத்தைத் திறந்தாள். சுத்தமாக இருந்தது.

“என்னம்மா, பிடிக்கலையா?”

“நல்லாத்தான் போச்சுக்கா. கடைசியில மட்டும் வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிடுறாங்க.” பெண் வாசலில் நின்ற காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “கதைன்னாலும் கொஞ்சம் நம்புற மாதிரி இருக்க வேண்டாமா?”