புது மாமாவின் மூச்சு

அரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தீபாவளிக்கு மறுநாள் யாரும் அவசரப்பட்டு வாசல் கூட்ட மாட்டார்கள். எந்த வீட்டின் முன்னால் வெடித்த காகிதம் அதிகம் கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு அவ்வளவு மதிப்பு. அத்தையின் தலை தீபாவளிக்கு அப்பா வாங்கி வந்த சரத்தை விரித்தால் மாரியம்மன் கோயில் வரை போகும். அதைப் புது மாப்பிள்ளைதான் பற்ற வைக்க வேண்டும்.

அத்தையின் கணவரை நான் புது மாமா என்பேன். எனக்கு அப்போது எட்டு வயது. மழை விட்ட சாயங்காலம், காற்றே இல்லை. காலையிலிருந்து வெடித்த புகை தெருவை விட்டுப் போகாமல் கிடந்தது. மாமா தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்தார். "நீங்களே வைங்க மச்சான்" என்று கூடச் சொல்லிப் பார்த்தார்.

"ஊரே பாக்குது மாப்ள, சும்மா வைங்க" என்றார் அப்பா.

மாமா வைத்தார். சரம் வெடித்து ஓய்ந்தபோது எதிர் வீடு தெரியவில்லை. அப்பா அடுத்த சரத்தைப் பிரிக்க, மாமா சிரித்த முகமாகவே உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல் சத்தம். உதடு நீலமாகியிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. மாமா சாகப் போகிறார் என்றே நினைத்தேன்.

கத்தினேன். முதலில் வந்தவள் பெரியம்மா. வந்த வேகத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"தெருக் கண்ணு பூரா மாப்ள மேலதான் பட்டிருச்சு!"

உப்பையும் மிளகாயையும் அவர் தலையைச் சுற்றி எடுத்தாள். அடுப்புக் கங்கை இரும்புச் சட்டியில் அள்ளி வந்து அந்த அறைக்குள்ளேயே வைத்தாள். மிளகாய் கருகினால் திருஷ்டி போய்விடும். மாமாவின் கண் அந்த மிளகாயை விட்டு நகரவில்லை. எழுந்து ஓடக்கூட அவருக்குத் தெம்பில்லை. அந்தக் கண் இன்றும் என் கனவில் வருகிறது.

மிளகாய் விழுவதற்குள் அத்தை ஒரு சொம்புத் தண்ணீரைக் கங்கின் மேல் கொட்டினாள்.

"தல தீவாளி அன்னிக்கு நெருப்ப அணைக்கிறியே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"முடியலைங்க அண்ணி. புகையே ஆவல. ரெண்டு நாளா கொமட்டுது."

பெரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளையை அப்படியே மறந்துவிட்டு, "வெடிய நிறுத்துங்க, புள்ளத்தாச்சி இருக்கிற வூடு!" என்று கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருவே அடங்கியது.

"கண்ணு, மாமா பையில துணிக்கு அடியில நீலப் பம்ப் இருக்கும், சீக்கிரம்" என்றாள் அத்தை. பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. எப்படியோ எடுத்துக் கொடுத்தேன். மாமா அதை வாயில் வைத்து உறிஞ்சினார். வெகுநேரம் கழித்துத்தான் அந்த விசில் நின்றது. "மாமாவுக்கு வீசிங்னு யாருகிட்டயும் சொல்லிறாத. சீக்காளிக்குப் பொண்ணக் குடுத்துட்டோம்னு பேசுவாங்க" என்று அத்தை என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் சொல்லவில்லை.

பொங்கல் போனது. அத்தையின் வயிறு அப்படியே இருந்தது. கரு தங்கவில்லை என்று உறவுக்காரர்கள் தாங்களாகவே முடிவு செய்தார்கள். பெரியம்மா அத்தையையும் மாமாவையும் பிள்ளை வரம் கேட்கத் தீர்த்தமலைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன். படியேறும்போது அத்தையின் காதில், "பாப்பா செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

"பாப்பா வரவே இல்ல கண்ணு. அன்னிக்கு வேற எதச் சொன்னாலும் வெடிய நிறுத்தியிருக்க மாட்டாங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் தீர்த்தத்தில் குளித்து வந்ததும் பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "அடுத்தது நிக்கும்மா, அழுவாத" என்றாள். அதுவரை அழாத அத்தை அப்போது வாய்விட்டு அழுதாள். மாமா ஈர வேட்டியோடு தலையைக் குனிந்துகொண்டு தள்ளி நின்றார். வராத பாப்பாவுக்காக அத்தை ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.