மஞ்சள் குறிக்கு எதிரே

நம்பாதவர்கள் நம்பாமலே வாசிக்கலாம். நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. போன வருடம் ஆகஸ்ட் மாதம், பட்டப் பகலில், திருகோணமலை உள்துறைமுகக் கரையில் எனக்கு நடந்தது இது. நேரங்களை அந்தந்த நாளே கைப்பேசியில் குறித்து வைத்தேன். அதனால் நினைவு பிசகியிருக்கும் என்றும் சொல்ல முடியாது.

என் பெயர் நுஸ்ரத். ஊர் கிண்ணியா. நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. பதினொரு வயதிலிருந்து கராத்தே பழகுகிறேன். அதில் எனக்கு உயிர் காட்டா. தனியாக நின்று, கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு, ஒழுங்கு மாறாமல் செய்கிற சண்டை அது. தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் அரையடி பின்னால் முடிப்பேன்.

இரண்டு வருடம் மாகாண அணிக்கான தெரிவுப் போட்டியில் தோற்றேன். இரண்டாவது தடவை நடுவர் ஜெமீல் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“தங்கச்சி, நீங்க காத்தோட சண்டை பிடிக்கிறீங்க. கை முந்திப் போகுது, இடுப்பு பிந்தி வருது. முன்னுக்கு ஒரு ஆள் நிக்கிறான் எண்டு உங்கட உடம்பு நம்பேல்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருடம் என் தொண்டையில் முள்ளாக நின்றது. என் வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருடம். இந்தத் தெரிவிலும் தோற்றால் மாகாண அணியை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் பழகும் மண்டபத்தைத் திருத்த வேலைக்கு மூடிவிட்டார்கள். தெரிவுக்குப் பத்தே நாள். கடைக்குப் பின்னால், கரையோரம் ஒரு பழைய பண்டகசாலை இருந்தது. மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தொழிலாளிகள் சாப்பிடப் போவார்கள். எனக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். காவலுக்கு இருந்த இராசதுரை ஐயாவிடம் போய்க் கேட்டேன்.

“உச்சிப் பொழுதில பொம்பிளைப்பிள்ளை தனிய உள்ளுக்கு நிக்கிறது கூடாது.”

“பேய்க்கும் பசிக்கும்தானே ஐயா. அதுவும் சாப்பிடப் போயிருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. கதவுத் திறப்பை மட்டும் நீட்டினார்.

உள்ளே தகரக் கூரை. சீமெந்துத் தரை. சுவரோரம் மூட்டைகள். நடுத்தரையில், மங்கிப்போன மஞ்சள் பெயின்டில் ஒரு கூட்டல் குறி. எங்கள் மண்டபத்திலும் காட்டா தொடங்கும் இடத்தில் இப்படித்தான் ஒரு குறி இருக்கும். எங்களைப் போல யாரோ முன்பு இங்கே பழகியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பிஸ்மில்லாஹ் சொல்லி, அதன் மேலேயே கால் வைத்தேன்.

நான் பழகிய முறையைச் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு செய்வேன். தரையில் தடம் விழும். தடம் முகத்துக்காகப் பொய் சொல்லாது. இடுப்பால் திரும்பியிருந்தால் குதிகால் பிறை மாதிரி இழுபட்டிருக்கும். என்னுடையது வெட்டி ஒட்டியதுபோல் தனித்தனியாகக் கிடந்தது. காலைத் தூக்கி வைத்துத் திரும்பியிருக்கிறேன். இடுப்பு சும்மா கூடப் போயிருக்கிறது. அந்த வெக்கைக்கு இரண்டு நிமிடத்தில் எல்லாத் தடமும் காய்ந்துவிடும்.

மூன்றாம் நாள், 12.41. எல்லாம் காய்ந்த பிறகும் ஒரு சோடித் தடம் மட்டும் காயவில்லை.

என் கால் இல்லை. பெரிய கால். ஆண் கால். இடது காலில் சின்ன விரல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யாரோ தொழிலாளி நடந்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. மஞ்சள் குறிக்கு ஒரு கை தூரத்தில், என்னைப் பார்த்தபடி நின்றது.

கொஞ்ச நேரத்தில் அது காய்ந்தது. வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

ஐந்தாம் நாள் சத்தம் தொடங்கியது. முதல் அடி வைத்தேன். தப். ஆனால் என் கால் தரையில் படுவதற்கு முன்னமே ஒரு தப்... கூரைத் தகரம் சூட்டில் முறிகிறது என்று நினைத்தேன். இரண்டாவது அடி. மறுபடியும் எனக்கு முந்தி... தப்.

நேரம் பார்த்தேன். 12.41.

இடப்பக்கம் திரும்பித் தடுத்தேன். அங்கே ஈரத் தடம். வலப்பக்கம் திரும்பினேன். அங்கேயும். காட்டாவில் எதிரி எந்த இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோமோ, சரியாக அந்த அந்த இடத்தில். எல்லாம் என்னைப் பார்த்தபடி.

ஓடினேன். பொய் சொல்லமாட்டேன், ஓடித்தான் வந்தேன். கடையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. உடனே கோபமும் வந்தது. இதற்குப் பயந்து, திரும்ப அந்தச் சிரிப்பின் முன்னால் போய் நிற்பதா? ஏலாது.

அடுத்த நாள் 12.35க்கு உள்ளே போனேன். கதவை நானே சாத்தினேன்.

“நிக்கிறதெண்டா நேரா நில்லுங்க. எனக்கு நாள் கிடையாது.”

காலை நனைத்துக்கொண்டு குறியில் ஏறினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்தத் தடத்துக்காரர் வந்தார். நானும் வந்தேன். ஒன்பதாம் நாள்தான் ஒன்று விளங்கியது. கடைசிக் குத்தில் என் பின்குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறது. தோள் முன்னால் போக, இடுப்பு பின்னால் ஒளிகிறது. ஆள் இல்லாத காலத்திலேயே நான் பின்வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அந்த அரையடி அதுதான்.

பத்தாம் நாள். 12.41.

தப்... தப்...

தலை உயரவில்லை. முழங்கால் தளரவில்லை.

குதிகாலைத் தரையில் புதைத்தேன்.

முதலில் இடுப்பு. கடைசியில் கை.

கத்திக்கொண்டு குத்தினேன்...

பட்டது.

ஈரச் சாக்கில் குத்தியதுபோல். சில்லென்று.

கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். எதிரே எதுவும் இல்லை. என் கை முட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் மஞ்சள் குறியின் மேல் இருந்தன. அரையடி குறையவில்லை. எதிரிக்கு வணங்கி முடிப்பது எங்கள் வழக்கம். வணங்கினேன். நடந்துதான் வெளியே வந்தேன். ஓடவில்லை.

திறப்பைக் கொடுக்கும்போது இராசதுரை ஐயா என் கையைப் பார்த்தார்.

“எவடத்தில நிண்டு பழகினனீங்கள் பிள்ளை?”

“நடுவுல, மஞ்சள் குறியில.”

அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

“வாசல் பக்கம் நிக்கிறீங்கள் எண்டெல்லோ நினைச்சனான். அது ஆரும் கால் வைக்கக் கூடாதெண்டு போட்ட குறி. மேல மூட்டை தூக்கிற கப்பி இருந்தது. கதிராமன் எண்டு ஒருத்தன், வள்ளத்தில சாமான் இறக்கிப்போட்டு ஈரக் காலோட உள்ளுக்கு வந்தவன். கயிறு அறுந்து, மூட்டையெல்லாம் அவனுக்கு மேல. மத்தியானம், சாப்பாட்டு நேரம்.”

“அவருக்கு இடது கால்ல சின்ன விரல்...”

அவர் முகம் வெளுத்தது.

“அது உங்களுக்கு ஆர் சொன்னது?”

திறப்பை அவர் கையில் வைத்துவிட்டுக் கடைக்கு நடந்தேன்.

அடுத்த நாள் தெரிவு. கடலிலிருந்து தள்ளி, நகரத்து மண்டபம் ஒன்றில். என் பெயரைக் கூப்பிட்டது 12.38க்கு. செய்தேன். தொடங்கிய இடத்திலேயே முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அணியில் முதல் பெயர் என்னுடையது.

பின்னேரம் ஜெமீல் தேடிவந்தார்.

“இண்டைக்கு உங்களுக்கு முன்னுக்கு ஆள் நிண்ட மாதிரியே இருந்திச்சு தங்கச்சி. ஒண்டுதான் பிழை. ஈரக் காலோட மெத்தையில ஏறக்கூடாது. துடைக்க முந்திப் படம் எடுத்து வெச்சன், பாருங்க.”

நான் காலை நனைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி நேராக ஏறியவள்.

அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். நீல மெத்தையில் இடப்பக்கம் ஒரு சோடி. வலப்பக்கம் ஒரு சோடி. முன்னால் ஒரு சோடி. இடது காலில் சின்ன விரல் இல்லை. எல்லாம் என்னைப் பார்த்தபடி.

முன்னால் நின்ற தடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். குதிகால் பக்கம் அரையடி இழுபட்டிருந்தது.

இந்த முறை பின்வாங்கியது நான் இல்லை.