வெளிப்பூட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் எங்கள் வீட்டைத் தேடி வந்தபோது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. பெரம்பலூரில் வயதான அம்மாவை வைத்துக்கொண்டு என்னைப் போல ஓடியாடி விசாரிக்கிற ஆள் கிடையாது என்பது என் எண்ணம். பகலில் அம்மாவுடன் இருக்க நம்பகமான ஆள் கிடைக்குமா, நடக்கப் பழக்கிவிட வீட்டுக்கே யாராவது வருவார்களா என்று முதியோர் உதவி எண்ணுக்குப் பேசியிருந்தேன். ‘வந்து பாக்குறோம் மேடம்’ என்றார்கள். இதோ வந்துவிட்டார்கள், ஒரு நடுவயதுப் பெண்மணியும் கையில் பைலுடன் ஒருவரும்.

உட்காரக்கூட விடாமல் வீட்டைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அம்மா பால் வாங்கப் போன இடத்தில் சாலையோரம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திருச்சியில் ஆபரேஷன். எனக்குக் கல்யாணமும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அரியலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் சாயந்திரம் ஆறுக்குத்தான் வீடு. அதனால் யார் யாரையோ கேட்டு, போனில் தேடி, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். நடக்க வாக்கர், உட்கார்ந்து எழ கக்கூஸ் நாற்காலி, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத மிதியடி, பெரிய பெரிய எண்கள் போட்ட போன். போனுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ், டாக்டர், நான், முதியோர் உதவி எண் என்று எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். அப்புறம் வாசல் கிரில்லுக்கு வெளியே ஒரு பெரிய பூட்டு. அதையும் நான் அந்தப் பட்டியலில்தான் சேர்த்திருந்தேன்.

“எல்லாம் நல்லா பண்ணிருக்கீங்க,” என்றார் அந்தப் பெண்மணி. “அம்மாகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்.”

பேசட்டும் என்று டீ போடப் போனேன். அம்மா என்னைப் பற்றி என்ன சொல்வாள் என்று ஊகித்துக்கொண்டு, சர்க்கரையைக்கூடத் தாராளமாகவே போட்டேன். டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் அவர்கள் அறையை விட்டு வெளியே வந்தார்கள். அந்தப் பெண்மணி டம்ளரைத் தொடாமல் நேரே கிரில் பக்கம் போய் நின்றார்.

“காலையில வேலைக்குப் போறப்ப இத வெளியிலேருந்து பூட்டிட்டுப் போவீங்களா?”

“ஆமாங்க. பாதுகாப்புக்கு. திரும்பியும் விழுந்துட்டாங்கன்னா?”

“அம்மாகிட்ட ஒரு சாவி இருக்கா?”

“அவங்களுக்கு எதுக்குங்க சாவி?”

பைல்காரர் எதையோ எழுதிக்கொண்டார். “உள்ள கேஸ் இருக்கு. ஏதாச்சும் ஒண்ணுன்னா அவங்க எப்படி வெளிய வருவாங்க மேடம்?” என்று தலை நிமிராமலே கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்டது ஆள். இவர்கள் எதற்குப் பூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்? கொஞ்சம் சூடாகவே கேட்டும்விட்டேன். அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

“நீங்க கேட்டதுக்கு அடுத்த வாரம் வேற ஆளுங்க வருவாங்க. நாங்க அதுக்கு வரல. உங்க அம்மா போன் பண்ணி ஒரு புகார் சொல்லியிருந்தாங்க. அதுக்கு வந்தோம்.”

“யார் மேல?”

“உங்க மேலதான் மேடம்.”

காதில் சரியாகத்தான் விழுந்தது, ஆனால் மண்டைக்குள் ஏறவில்லை. பைலில் திறந்திருந்த தாளில், யார் மேல் புகார் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் ‘மகள்’ என்று போட்டிருந்தது. அரியலூரில் இருபத்தைந்து வருடமாக நான் நிரப்பாத படிவம் கிடையாது. என் பெயர் இந்த மாதிரி ஒரு கட்டத்துக்குள் வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

உள்ளேயிருந்து வாக்கர் ஊன்றுகிற சத்தம் வந்தது. அம்மா வந்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“நாந்தான் பண்ணுனேன் பாப்பா,” என்றாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, இன்னமும் அவளுக்கு நான் பாப்பாதான். “ஏதாச்சும்னா கூப்புடுன்னு நீதான எழுதி ஒட்டுன.”

“நான் என்னம்மா கொற வச்சேன் ஒனக்கு?”

கத்திவிட்டேன். வந்தவர்கள் முன்னால் கத்தியது எனக்கே கேவலமாக இருந்தது. அம்மா கத்தவில்லை.

“எதுத்த வூட்டு அக்காவ எடுத்த அன்னைக்கி நா எங்க இருந்தேன்?”

எதிர்வீட்டுப் பெரியம்மா போய் அப்போது ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கும் அவருக்கும் நாற்பது வருடப் பழக்கம். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மறு வீட்டுக்குக் கிண்ணம் போகும். பெரியம்மா இறந்த செய்தி அன்று காலை பதினோரு மணிக்கு ஆபீசில் எனக்கு வந்துவிட்டது. பரீட்சை நேரம், லீவு கேட்க முடியாது, சாயந்திரம் போய்த் துக்கம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அம்மாவிடமிருந்து மூன்று முறை போன் வந்தது. இதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள், எனக்குத்தான் தெரியுமே என்று மூன்று முறையும் கட் பண்ணினேன். அம்மா உள்ளே பூட்டப்பட்டிருக்கிறாள், எதிர்வீட்டுக்குக்கூட அவளால் போக முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

அம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“காலையிலேருந்து கிரில்லப் புடிச்சிக்கிட்டே நின்னேங்க. அழுவுற சத்தம் கேக்குது, மொகம் தெரியல. தெருவுல உள்ளவங்க பூட்ட ஒடச்சிடுறோம்னாங்க. நாந்தான் வாணாம்னுட்டேன். பாப்பா வந்தா கோவிச்சுக்கும். தூக்குறப்ப அக்கா மவன்கிட்ட கேட்டேன், இங்கன ஒரு நிமிசம் நிறுத்துப்பான்னு. நிறுத்துனான்.”

சாவு எடுத்துக்கொண்டு போகும்போது தெருவில் சாத்திக்கொள்கிற கதவுகள்தான் அதிகம். பாடையை வேறொரு வீட்டு வாசலில் நிறுத்துவதை இந்தப் பக்கத்தில் யாரும் பொறுக்க மாட்டார்கள். எங்கள் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா கம்பிக்கு நடுவே கையை விட்டுப் பெரியம்மாவின் காலைத் தொட்டிருக்கிறாள். தெருவே பார்த்திருக்கிறது. அன்று சாயந்திரம் நான் துக்கம் கேட்கப் போனேன், பதினாறாம் நாள் காரியத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. என்னிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று அம்மா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாளாம்.

என் அம்மா என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகை வரவில்லை. ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“இப்ப நாங்க என்ன செய்யணும்னு நெனைக்கிறீங்கம்மா?” என்று பெண்மணி கேட்டார்.

“பாப்பாவ ஒண்ணும் சொல்ல வாணாம். சாவி வேணும். ரெண்டும்.”

ஒன்று என் கைப்பையில், இன்னொன்று பீரோவில். இரண்டையும் எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். பைல்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றும் ஞாயிற்றுக்கிழமையும் அம்மா எப்போதும் போல்தான் பேசினாள், நான்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாவாட்டிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் திரிந்தேன்.

திங்கட்கிழமை ஆபீசில் ஒரு கணக்கும் ஓடவில்லை. ஆறு மணிக்கு வந்து சேர்ந்தால், கிரில்லில் வெளியே பூட்டு. அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். போன் போட்டேன், மணி உள்ளேதான் அடித்தது. வாக்கரையும் காணோம். பூட்டைப் பிடித்து இழுத்தேன், ஆட்டினேன், கம்பிக்கு நடுவே கையை விட்டு உள்ளே எதையாவது எட்டிப்பிடிக்க முடியுமா என்று தடவினேன். தெருவில் போன ஒருத்தர் நின்று பார்த்துவிட்டுப் போனார். மெயின் ரோடு வரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரியம்மாவின் மருமகள் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, அம்மா வாக்கரை ஊன்றி ஊன்றித் தெருவைக் கடந்து வந்தாள். அவசரமே இல்லை. முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள்.

“எங்கம்மா போன? உசிரே போயிடுச்சு.”

“இங்கதான். அக்கா கட்டில்ல ஒக்காந்திருந்தேன். சன்னலோரமாத்தான் போட்டிருக்காங்க. நீ வந்ததுலேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“பாத்துக்கிட்டே இருந்தியா? ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?”

அம்மா பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்:

“அங்கேருந்து பாத்தா நம்ம வூட்டு கிரில்லு அப்படியே தெரியுது பாப்பா. அக்கா ஒரு வருசமா எந்திரிக்க முடியாம அந்தக் கட்டில்லதான கெடந்துச்சு. நா கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னத தெனமும் பாத்திருக்கும்ல.”