சம்பந்தி போட்ட டிக்

"அந்த முருங்கைக்காய எடுக்காதம்மா, உள்ள வெறும் தக்கை" என்று செல்வராஜ் சொல்லிக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் பிளானோ என்ற ஊரில் நம்மூர்ச் சாமான் விற்கும் கடை அது. காய்கறித் தட்டுகளுக்குப் பின்னால் நிற்பவர் அவர்தான். கூடையில் போட்டுவிட்ட காயை அந்தப் பெண் எடுத்துத் திரும்ப வைக்கிறாள்.

"தேங்க்ஸ் அங்கிள், யூ ஆர் ஸோ ஹானஸ்ட்."

கல்லாவில் இருக்கும் முதலாளி மகாதேவன் தலையில் கையை வைத்துக்கொள்கிறார். "அண்ணே, நீங்க எனக்கு வேலை பாக்குறீங்களா, எதிர்க் கடைக்கா?"

"கேட்டா சொல்லணும்ல?"

"அந்தப் பொண்ணு கேக்கவே இல்லையே!"

"மொகம் கேட்டுச்சே."

செல்வராஜ் என் மருமகள் எழிலரசியின் அப்பா, எனக்குச் சம்பந்தி. சாத்தூர்க்காரர். நல்ல கறுப்பு, சுருட்டை முடி. உடம்பு என்று பார்த்தால் துடைப்பக் குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல இருப்பார். இந்த ஒல்லியை மட்டும் மறந்துவிடாதீர்கள். இரண்டு கிட்னியும் ஓய்ந்துபோனதால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். தண்ணீர் அளந்துதான். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அது கரைகிறவரை யாரோடும் பேசமாட்டார். வீட்டில் நமக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான்.

புதுக் கிட்னிக்கு இங்கே வரிசை உண்டு. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தத்தைப் பார்த்து ஓர் எண் சொல்கிறார்கள். அது இருபதுக்கு இறங்கினால்தான் வரிசையில் நிற்கவிடுவார்கள். 2018இல் முதல்முறை ரத்தம் கொடுக்கப் போனபோது ஒரு தாளை நீட்டி, நீங்கள் எந்த இனம், டிக் போடுங்கள் என்றார்களாம். மகள் காரை நிறுத்தப் போயிருந்தாள். இவர் எழுத்துக் கூட்டிப் படித்துத் தானே போட்டுவிட்டார். எதில்? பிளாக் என்ற கட்டத்தில்.

"ஏன் சம்பந்தி, நாம அந்த ஆளுகளா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"இந்தியன்னு ஒண்ணு இருந்துச்சு சம்பந்தியம்மா. கூடவே அமெரிக்கன்னும் போட்டிருந்துச்சு. நமக்குப் பச்சை அட்டைதானே? ஏசியன்னு இன்னொண்ணு. அது சீனாக்காரவுகளுக்குன்னு நெனச்சேன். கையத் திருப்பிப் பாத்தேன். மனசறிஞ்சு வெள்ளைன்னு போட முடியுமா?"

அந்த டிக் என்ன செய்தது என்பது ஐந்து வருஷம் யாருக்கும் தெரியாது. சொன்னது ஜெரோம். அவர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினத்தவர். டயாலிசிஸில் பக்கத்து நாற்காலி. தங்கள் ஆட்களுக்கு உடம்பில் சதை அதிகம் என்று ஒரு பழைய கணக்கு இருந்ததாம். அதனால் அவர்களுக்கு வரும் எண்ணை ஏற்றிப் போடுவார்களாம். எண் ஏறினால் கிட்னி நன்றாக இருப்பதாக அர்த்தம், வரிசை தள்ளிப்போகும். இப்போது அந்தக் கணக்கைத் தூக்கிவிட்டார்கள், இழந்த காலத்தையும் வரிசைக் கணக்கில் திருப்பித் தருகிறார்கள், தனக்கு நான்கு வருஷம் கிடைத்தது என்று சொல்லி ஜெரோம் சிரித்தாராம்.

பூசணிக்காயைத் தூக்கிப் பார்க்காமல் தோலைப் பார்த்தே எடை சொன்ன கணக்கு அது. படித்தவர்கள் போட்டதாம். இருக்கட்டும், நான் அப்படித்தான் சொல்வேன். அந்தக் கணக்குத்தான் எங்கள் துடைப்பக் குச்சிக்கும் சதை அதிகம் என்று சொல்லியிருக்கிறது! எழிலரசி பழைய தாளைத் தேடி எடுத்தாள். இரண்டு எண்கள் அச்சாகியிருந்தன. மற்றவர்களுக்குப் பத்தொன்பது, கறுப்பினத்தவருக்கு இருபத்திரண்டு. டாக்டர் இருபத்திரண்டைப் படித்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது என்று அனுப்பியிருக்கிறார். வரிசையில் இடம் கிடைப்பதற்குள் இருபத்தொரு மாதம் போயிற்று.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரெக்கார்டில் உங்கள் அப்பாவைக் கறுப்பினத்தவர் என்று போட்டிருக்கிறது, பழைய தாளோடு வந்தால் இருபத்தொரு மாதமும் திரும்பக் கிடைக்கும். எழிலரசி குதித்தாள். சம்பந்தி மட்டும் ஐஸ் கட்டியைத் துப்பிவிட்டு, "நான் அவுக ஆளு இல்லையே. அதச் சொல்லணும்ல?" என்றார்.

"அப்பா, ப்ளீஸ்! நீங்க எதுவும் பேச வேணாம். நான் ஹேண்டில் பண்ணிக்கிறேன்."

"வாய மூடிட்டு வாங்கிக்கிடுங்க சம்பந்தி" என்று நானும்தான் சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். வீட்டில் விட்டுப்போக நான் என்ன சூட்கேஸா? மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். எழிலரசி வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், மீ தமிழ். மை டிக், மிஸ்டேக். திஸ் டைம், ஜெரோம் பீப்பிள் டைம். நாட் மை டைம்."

எழிலரசி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் எங்களைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். மகளிடம் ஏதோ கேட்டு, எல்லாம் கேட்டு முடித்தபின் ஒன்று சொன்னாள்: நீங்கள் யாராக இருந்தாலும் அன்றைக்கு உங்கள் கிட்னி பத்தொன்பதில்தான் இருந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடியே எழுதித் தனியாகக் கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

திரும்பும் வழியில் காருக்குள் ஒரே சண்டை.

"ட்வென்டி ஒன் மந்த்ஸ் அப்பா! நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்."

"பொய் சொல்லி வாங்குன கிட்னி உள்ள போயி ஒழுங்கா வேல பாக்குமா தாயி?"

"அது என்ன, உங்க ஜாதகத்தப் பாத்தா வேல பாக்கும்?" என்றேன் நான். கோபத்திலும் எழிலரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து வாரம், போன் அடித்த போதெல்லாம் முதலில் திரும்பிப் பார்த்தது அவர்தான்.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. எழிலரசி தபால் பெட்டியருகே நின்றே படித்துவிட்டு, தெருவே பார்க்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா! அக்செப்ட் பண்ணிட்டாங்க! டூ தௌசண்ட் எய்ட்டீன்லேருந்து கணக்கு!" என் மகன் முகிலன் மாமனாரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். தூக்க என்ன இருக்கிறது அவரிடம்! நான் அடுப்பைப் பற்றவைத்து ரவையை வறுத்தேன். நெய் மணக்க ஒரு கிண்ணம் கேசரியை நீட்டினால், மனிதர் கையை நீட்டவில்லை.

"ஏத்தா, நான் முன்னால போனா ஜெரோம் பின்னால போவாரா?"

"இல்லப்பா. அவரு ஓ குரூப், நீங்க பி. அவரு லைனே வேற. அவருக்கு ஒண்ணும் ஆகாது."

"நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன்ப்பா."

அதன் பிறகுதான் கிண்ணத்தை வாங்கினார். ஒரு வாய் போட்டுக்கொண்டார். மிச்சத்தை மேசையில் வைத்து, கிட்னி நோய்க்காரருக்கு ஆகாதே என்று முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். ஒரு முந்திரித் துண்டுகூட இல்லையென்று கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஜெரோமுக்குக் கொண்டுபோகச் சின்ன டப்பாவில் அள்ளி வைத்து மூடினார்.