சும்மா தொட்டி

அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால், குப்பை வண்டி திரும்புகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு. அதற்கு உள்ளேதான் தொட்டியம்மாவின் ராஜ்ஜியம். அத்தனை வீட்டு ஜனங்களும் காலையில் போட்டி போட்டு அனுப்பிவைப்பதை வாங்கி, செடிக்கும் பூங்காக் குளத்துக்கும் போகிற தண்ணீராக மாற்றித் தருவது அவள் வேலை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டு மூத்திரமும் வாட்ச்மேன் வீட்டு மூத்திரமும் அங்கே தோளில் கை போட்டுக்கொண்டுதான் வரும். அமோனியாவுக்குப் பெரிய மனுஷன், சின்ன மனுஷன் தெரியாது.

நிஜமாக உழைப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவள் அவற்றைப் 'பசங்க' என்பாள். ஒரு தொட்டியில் காற்று எந்நேரமும் கொப்பளிக்கும். அங்கிருக்கிற பசங்க அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவார்கள். அந்தத் தண்ணீரை ஒரு பம்பு பக்கத்துத் தொட்டிக்குத் தள்ளும். அதில் காற்றே கிடையாது. ஒரு துடுப்பு மட்டும் தூக்கக் கலக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மூச்சுக்கு வழியில்லாத பசங்க வேறென்ன செய்வார்கள்? நைட்ரேட்டில் ஒட்டிக்கிடக்கிற ஆக்சிஜனைப் பிய்த்து எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சுகிற நைட்ரஜன் சத்தம்போடாமல் காற்றோடு காற்றாகப் போய்விடும். வெளியே நின்று பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால் அவள் கேலிக்கு வைத்த பேர், சும்மா தொட்டி.

அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு இருந்த ஒரே ஆள், அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த கொழுந்தன். வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். மத்தியானச் சாப்பாட்டை அவள் டப்பாவிலிருந்தே பாதி காலி செய்வான்.

"அண்ணி, இந்தச் சும்மா தொட்டி மாதிரி எனக்கும் ஒரு வேலை பாத்துக் குடுங்களேன்."

"சும்மா இருக்கறதுக்குத் தனித் திறமை வேணும்டா. உன் வாய் எப்பவாவது சும்மா இருந்திருக்கா?"

ஒருமுறை அவன் விளையாட்டாக அதில் காற்றுக் குழாயை விடப்போக, கையிலேயே ஒன்று போட்டாள். "காத்து கெடைச்சா பசங்க நைட்ரேட்டைத் தொடமாட்டாங்கடா. சுளுவா கெடைக்கறப்போ யாருடா கஷ்டப்பட்டுப் பிய்ப்பாங்க?" ஆக, அவனுக்கு விஷயம் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஒரு நாள் புதுச் செயலாளர் மூக்கில் கைக்குட்டையோடு சுற்றிப் பார்க்க வந்தார். "இதுல மட்டும் ஏன் குமிழி வரலை? ரிப்பேரா?"

தொட்டியம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பிவிட்டார். "நீ சொல்லுப்பா."

அவன் துடுப்பைப் பார்த்தான். பிறகு அவள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தான். "அது சும்மா தொட்டி, சார். அண்ணியே அப்படித்தான் சொல்லுவாங்க. காத்துக் குழாய் போட்டுத் தரேன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன்."

வழக்கமான கிண்டல் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் பிறகு ரொம்ப நாள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. செயலாளரும் அதைத்தான் பார்த்தார். "பாருங்க, சிரிப்பு வேற!"

அந்த வாரமே சாவிக்கொத்து கொழுந்தன் இடுப்புக்குப் போனது. அவள் கைக்கு மாடிப்படி துடைக்கிற துணி வந்தது. வீட்டில் புருஷனிடம் சொன்னாள்.

"சின்னப் பையன், ஏதோ பேசிட்டான், விடு. சாவி குடும்பத்துக்குள்ளதானே இருக்கு?"

"ஆமா. குத்தின கத்தியும் குடும்பத்துக்குள்ளதான் இருக்கு."

சும்மா தொட்டியில் காற்று விட்டார்கள். குமிழி ஜோராக வந்தது. செயலாளர் போட்டோகூட எடுத்துக்கொண்டார். பசங்க நைட்ரேட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது அப்படியே, சேறு அடியில் தங்கித் தண்ணீர் தெளிகிற கடைசித் தொட்டிக்குப் போனது. அங்கே அடியில் படிந்திருந்த சேற்றுக்குள் மூச்சுமுட்டிய பசங்க வேறு வழியில்லாமல் அந்த வேலையை ஆரம்பிக்க, கிளம்பிய நைட்ரஜன் சேற்றையே பாளம் பாளமாக மேலே தூக்கிவந்துவிட்டது. மிச்ச நைட்ரேட் உரமாகிக் குளம் பாசி பிடித்துப் பச்சைப் பெயிண்ட் மாதிரி ஆனது.

அவள் படி துடைத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்து கீழ்ப்படியில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, சேறெல்லாம் மேல வந்து மெதக்குது. செயலாளர் கத்து கத்துன்னு கத்துறாரு. என்னைத் தூக்கிடுவாங்க போல."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால், பசங்க என்ன பாவம் செய்தார்கள்?

"அந்தத் தொட்டிக்குப் போற காத்தை மூடிடுங்க. துடுப்பு மட்டும் ஓடட்டும். கொஞ்ச நாள்ல பசங்க சரியாயிடுவாங்க. செயலாளர்கிட்டயும் உண்மையைச் சொல்லிடுங்க."

அவனுக்குப் பாதி வார்த்தை காதில் ஏறவில்லை. "என்ன அண்ணி, என்னைப் போய் மூடிடுங்க, சொல்லிடுங்கன்னுக்கிட்டு? திட்டுங்க அண்ணி. ரெண்டு அறைகூட விடுங்க."

தொட்டியம்மா துணியை முறுக்கிப் பிழிந்தாள். அழுக்குத் தண்ணீர் வாளியில் சொட்டி நிற்கிறவரை காத்திருந்தாள்.

"பாத்துப் போங்க," என்றாள். "படி ஈரமா இருக்கு. வழுக்கி விழுந்துடப் போறீங்க."