கூரையடியில் ஒரு கூச்சல்

அருமனையில் எங்கள் வீடு ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஓட்டுக்கூரைக்கு அடியில், பலகை மச்சில் வௌவால்கள் குடியிருந்தன. எண்ணிக்கையில் எங்களைவிடப் பெரிய குடும்பம். நாற்றமும் அதற்கேற்றபடி.

அப்பா வளைகுடாவில் கம்ப்ரசர்களுக்கு நடுவே வேலை செய்துவிட்டு வந்தவர். எங்களுக்குப் பெட்டி நிறையச் சாமான்கள் கொண்டுவந்தார். காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டார். குக்கர் விசிலும் தங்கையின் சிணுங்கலும் அவருக்கு எட்டாது. நாங்கள் பேசிச் சிரித்தால் முதலில் “என்னவாம்?” என்பார். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை மாலை, வௌவால்களைப் புகைபோட்டு விரட்ட முற்றத்தில் தேங்காய்க் கதம்பலை, அதாவது உரித்த மட்டைகளை, குவித்தார். அந்த நேரம் பார்த்து அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் தங்கை, நாகர்கோவிலில் கல்லூரியில் வௌவால்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

“அண்ணே, மேல குட்டிய கெடக்கு. பறக்கத் தெரியாது. எல்லாம் செத்துப்போவும்!” என்று அவர் காதருகே உரக்கச் சொன்னாள்.

“நாத்தம் எனக்குல்லா,” என்றார் அப்பா. தீப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அத்தை வாதாடவில்லை. பையிலிருந்து, வௌவால் சத்தத்தைப் பிடித்துத் தரும் கையடக்கமான ஒரு கருவியை எடுத்துக் கூரையை நோக்கிப் பிடித்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. ஓட்டிடுக்கிலிருந்து வௌவால்கள் ஓசையின்றி வெளியே வந்தன. அவள் குமிழைத் திருப்பியதும் ‘டப் டப் டப்’ என்று பொரிந்தது. ஓரிடத்தில் அது நெருங்கி, ‘ப்ர்ர்ர்’ என்று முடிந்தது. பூச்சியைப் பிடித்துவிட்டதாம்.

அப்பா கருவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவை வாயால் கத்தி எதிரொலியில் வழி பார்ப்பவை. மூக்கால் கத்துகிற இனமும் உண்டு, அதற்கு மூக்கில் குதிரைலாடம்போல ஒரு மடல் என்றாள். எதிர் மரத்துப் பெரிய பழந்தின்னி வௌவால்கள் பக்கம் திருப்பியபோது கருவி மௌனமாகிவிட்டது. அவை கண்ணை நம்புபவை. அவற்றின் சொந்தத்தில் ஒன்று மட்டும் குகைக்குள் நாக்கைச் சொடுக்கி வழி கண்டுபிடிக்குமாம். ஆதி வௌவாலுக்கே இந்த வித்தை இருந்து பழந்தின்னிகள் தொலைத்துவிட்டனவா, இல்லை அதன் வழிவந்த பிள்ளைகள் தனித்தனியே கற்றுக்கொண்டனவா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டி எப்போது சட்டைப்பைக்குள் போனதோ தெரியாது. குட்டிகள் பறந்து போகும்வரை அந்தக் கதம்பலை யாரும் தொடவில்லை.

“இம்புட்டு கூச்சலும் நம்ம தலைக்கு மேலயா? எனக்குத்தான் கேக்கலியா?”

“ஒருத்தருக்கும் கேக்காது அண்ணே. எனக்கும் கேக்காது, இவளுக்கும் கேக்காது,” என்று என்னைக் காட்டினாள் அத்தை.

“ஒருத்தருக்கும் கேக்காதா?”

அத்தை மறுபடி சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். முகம் மலர்ந்திருந்தது.

பாவம், அத்தை சொல்வது அப்பாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். அருகில் போய், அவர் காதில் வாய் வைத்துக் கத்தினேன்: “ஒருத்தருக்கும் கேக்காதுப்பா!”